சொறியாட்டுச் சட்டமும் அக்காவின் பயமும்

அந்த எண்ணம் வந்தபோது நான் பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில் இருந்தேன். வாய்க்குள் ஒரு பருத்தித்துறை வடைத் துண்டு. நூலகத்தில் சாப்பிடக்கூடாது, கடித்தால் சத்தம் கேட்கும். அதனால் நாக்கில் வைத்து ஊறவிட்டுக்கொண்டே வாசித்தேன். முன்னால் கிடந்தது பிரித்தானியரின் தொலைதூரக் குடியேற்ற நாடொன்றின் பழைய சட்டங்களைப் பற்றிய தடித்த புத்தகம். ஆட்டுக்குச் சொறி பிடித்தால் ஆட்டின் சொந்தக்காரர் குற்றவாளி என்று அதில் இருந்தது. அதிகாரி வந்து மந்தையைச் சோதிப்பார். கம்பளிக்குள் சொறியைக் கண்டால் தண்டனை.

மூன்று முறை வாசித்தேன். வடை தானாகவே கரைந்து தொண்டைக்குள் போய்விட்டது.

அப்போதுதான் கைப்பேசி அதிர்ந்தது. அம்மாவின் குரல் செய்தி.

"பிள்ளை, நாலு மணிக்கு ஆக்கள் வருகினம். அக்கான்ர குளிசைப் போத்தல் குசினி மேசையில கிடக்கு. போகேக்க உன்ர கண்ணில படேல்லையோ? எங்க ஒளிக்கிறது எண்டு கெதியாச் சொல்லு."

"மாப் பேணிக்குள்ள, மாவுக்கு அடியில வையுங்கோ" என்று பதில் அனுப்பினேன். பிறகு கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதினேன்: இதை அவர் கற்பனை செய்யவில்லை, கண்ணால் கண்டிருக்கிறார்.

அவர் என்று நான் சொல்வது விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேய நையாண்டி எழுத்தாளர் ஒருவரை. பாதிரியாரின் மகன். தகப்பனோடு ஒத்துப்போகாமல், பூமியின் மறுபக்கத்தில் அந்தச் சட்டங்கள் இருந்த அதே நாட்டுக்குக் கப்பலேறி, பனிமலைகளின் அடியில் சில வருஷம் ஆடு வளர்த்தவர். திரும்பி வந்து, மலைகளுக்கு அப்பால் ஒரு நாடு இருப்பதாகக் கதை எழுதினார். அங்கே எல்லாம் தலைகீழ். நோய் வந்தவனை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். களவெடுத்தவனை உறவினர்கள் போய்ப் பார்த்துச் சுகம் விசாரிப்பார்கள். பட்ட மேற்படிப்புக்கு நான் எடுத்துக்கொண்டது அந்தக் கதையைத்தான். அதில் இயந்திரங்களைப் பற்றி வரும் பகுதியை ஆராயும்படி பேராசிரியை சொன்னார். இந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். எனக்கு ஆடுகள் போதும் என்றேன்.

இங்கிலாந்தைக் கிண்டல் செய்யவே அவர் அந்த நாட்டைப் புனைந்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சரி. ஆனால் எந்த மண்ணை எடுத்துப் புனைந்தார்? மேய்ச்சல் நிலத்தில் நோய்க்கு அனுதாபம் கிடையாது. ஒருவனின் ஆட்டுச் சொறி பக்கத்து மந்தையை அழித்துவிடும். ஆகவே ஒளிப்பான். ஒளிப்பவனைப் பிடிக்க ஒரு அதிகாரி. நம் ஆள் செய்ததெல்லாம் ஆட்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் மனிதனை நிறுத்தியதுதான். இப்படி அவர் எங்கும் சொல்லி வைக்கவில்லை. என்னிடம் ஆதாரமும் இல்லை. இருந்தது எங்கள் வீடு மட்டும்.

எங்கள் வீடு ஜெர்மனியின் வுப்பர்டாலில். அக்காவுக்குப் பதினாறு வயதிலிருந்து வலிப்பு. இது வீட்டில் நாங்கள் மூன்று பேருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவளுடைய மருந்துக் குளிசைகள் விற்றமின் போத்தலுக்குள் இருக்கும், ஆட்கள் வந்தால் அந்தப் போத்தலும் ஒளியும். கலியாண வீடுகளில் விளக்குகள் விட்டுவிட்டு மின்னத் தொடங்கும்போது அவளுக்குத் தலையிடி வரும். உண்மையில் வராது. மின்னும் வெளிச்சத்தில் வலிப்பு வரலாம் என்பதால், தலையிடி வர வேண்டும், அதைச் சொல்லி வெளியே போக வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள்.

கார் ஓட்டுவதைத்தான் ஒளிக்க முடியவில்லை. இங்கே எங்களுடைய பிள்ளைகள் பதினெட்டு முடிந்ததும் முதலில் செய்வது லைசன்ஸ் எடுப்பது. எடுக்காத பிள்ளைக்கு ஒரு காரணம் வேண்டும். ஒரு குறிப்பிட்ட காலம் வலிப்பு வராமல் இருந்தால் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா இரண்டு முறை அந்தக் காலத்தின் கடைசி மாதம் வரைக்கும் போனாள். இரண்டு முறையும் அந்த மாதத்தில் வந்தது. ஆகவே ஊருக்குச் சொல்ல அம்மா ஒரு காரணம் வைத்திருந்தாள்: "அவளுக்குக் கார் எண்டாப் பயம்."

அன்று நாலு மணிக்கு வந்தவர்கள் டுசல்டோர்ஃபில் இருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள். மாப்பிள்ளையும் அவருடைய தாயும். மாப்பிள்ளை வேலை செய்வது தூரத்து ஊரொன்றில், லீவில் வந்திருந்தார். நான் வீடு சேர்ந்தபோது அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை லைசன்ஸ் எடுக்கேல்லையோ?"

"அவளுக்குக் கார் எண்டாப் பயம்" என்றாள் அம்மா.

அந்த அம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். அம்மாவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "சில பிள்ளையளுக்கு அப்பிடித்தான்" என்றார்.

அவர்களுக்கு அக்காவைப் பிடித்துக்கொண்டது. அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டது, அதுதான் பெரிய விஷயம். அதற்கு முன் வந்த மூன்று பேரை அவள் கதவிடுக்கால் பார்த்துவிட்டே வேண்டாம் என்றவள். இவரோடு தொலைபேசியில் சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். ஒருநாள் என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தாள்.

"நான் அவருக்குச் சொல்லப்போறன்."

"எதை?"

"எதை எண்டு கேக்கிறாய். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அடுத்த மாசம் லீவில வாறார். நேரில சொல்லுறன். நான் சொன்னாப் பேந்து அவர் வேண்டாம் எண்டாலும் பரவாயில்லை. ஆனா நான்தான் சொல்லோணும்."

"ஓம் ஓம்" என்றேன். என் கண் கணினித் திரையில் இருந்தது. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பழைய மாணவர் ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும், அந்த முறை நான். பேச்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் எழுதியது ஆராய்ச்சி அல்ல. மலைகளுக்கு அப்பால் இருக்கும் அந்த நாட்டை ஜெர்மனியில் எங்கள் சனத்துக்குள் கொண்டுவந்தேன். இந்த நாட்டில் சலரோகம் வந்தவர் தன் இரத்தத்தில் சீனியே இல்லை என்று பொய்ச் சத்தியம் செய்வார், புற்றுநோய் வந்தவர் ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்லுவார்கள். ஆனால் பெண்சாதியை அடித்துப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனவர் வீடு திரும்பினால், நோயாளியைப் பார்க்க வருவதுபோல் சனம் பை நிறைய அப்பிளோடு வரும். "அண்ணை, மனம் சோர விடாதேங்கோ" என்னும். அடி வாங்கிய பெண்சாதி, வீங்கிய கன்னத்தோடு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவார். இது நடந்தது. எங்கள் கட்டடத்தில், எங்கள் மாடிக்குக் கீழே. அந்த அப்பிள்களில் எங்கள் வீட்டு அப்பிள்களும் இருந்தன.

பெயர் ஒன்றும் போடவில்லை. என் ஆங்கிலேயரும் முதலில் தன் பெயரைப் போடாமல்தான் கதையை வெளியிட்டார். நான் கெட்டிக்காரி என்று நினைத்து எல்லாவற்றையும் மாற்றினேன். அக்காவைத் தம்பியாக்கினேன். வலிப்பை இதய நோயாக்கினேன். ஊரை ஹம்பேர்க் ஆக்கினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன், அது நல்ல வரி என்பதால்: "அந்த வீட்டில் எல்லோரும் கார் ஓட்டுவார்கள், அவனுக்கு மட்டும் பயம். அந்தப் பயத்தைக் காலையும் மாலையும் தண்ணீரோடு விழுங்குவான்."

மண்டபம் நிறைந்திருந்தது. நான் பேசப் பேசச் சிரித்தார்கள். அப்பிள் பகுதிக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழ்மாடிக்காரர் முன்வரிசையில் இருந்து கை தட்டினார், பக்கத்தில் அவருடைய மனைவியும். சிரிப்பு எனக்குத் தலைக்கேறியது. பயத்தைப் பற்றிய வரியை எழுதியதைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். மூன்றாம் வரிசையில் அக்கா இருந்தாள். அவளுக்குப் பின்வரிசையில், எங்கள் குடும்பத்தின் அழைப்பில் வந்திருந்த மாப்பிள்ளையின் தாய். அக்கா குனிந்து செருப்பின் வாரைக் கழற்றி மறுபடி பூட்டினாள். அவ்வளவுதான் கண்டேன். கைதட்டலுக்கு வணங்கிவிட்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் அழைத்தார். அம்மாவின் கை மாவாக இருந்ததால் ஒலிபெருக்கியைப் போட்டாள். நானும் அக்காவும் குசினியில்தான் நின்றோம்.

"உங்கட சின்னவள் நல்லாப் பேசினவள். அப்பிடிச் சிரிச்சு எவ்வளவு காலம்."

"ஓம், அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்றாள் அம்மா சந்தோஷமாக.

"நான் சுத்தி வளைக்கேல்லை. எங்கட கடைசிப் பெடியன், மாப்பிள்ளையின்ர தம்பி, அவனுக்கும் கார் எண்டாப் பயம். அவன்ர பதினேழு வயசில இருந்து நானும் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வாறன். அண்டைக்கு உங்கட வீட்டில கேட்டவுடனயே எனக்கு ஒரு யோசினை. மண்டபத்தில விளங்கிப்போச்சு."

அம்மா ஒலிபெருக்கியை நிறுத்தப் போய்த் தொலைபேசி முழுக்க மாவைப் பூசினாள்.

"உங்களில கோவமில்லை. நானும் ஒளிக்கிறனான்தானே. ஆனா ஒரு குடும்பத்துக்கு ஒரு பயம் போதும்."

மாப்பிள்ளை அன்றிரவே அக்காவுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு வரி அனுப்பினார். 'வருத்தமாக இருக்கிறது, எல்லாம் நல்லபடி நடக்கட்டும்' என்ற கருத்து. வேலைக்கு விண்ணப்பித்தவர்களைக் கழிக்கும்போது கம்பனிகள் எழுதும் அதே சொற்கள். அக்கா அதை எனக்குக் காட்டினாள்.

நான் அம்மாவில் பாய்ந்தேன். என்னில் பாய எனக்குத் துணிவில்லை.

"நீங்கள் ஒளிக்காமல் விட்டிருந்தா இதெல்லாம் வந்திருக்குமே? நோய் வாறது என்ன களவோ?"

அம்மா கையைக் கழுவினாள். நிதானமாகத்தான் சொன்னாள்.

"அகதி முகாமில எனக்கு இருமல். ஒரு மாசம். பக்கத்து அறைக்காரி சொன்னா, இருமினா எழுதிப்போடுவாங்கள், எழுதினா ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு. உண்மையோ பொய்யோ ஆருக்குத் தெரியும். நான் தலையணைக்குள்ள இருமினன். சோதிக்க வாறவளைக் கண்டாச் சிரிப்பன். அப்ப உன்ர அக்கா என்ர வயித்துக்குள்ள."

எனக்கு அவ்வளவு அவமானத்திலும் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஆதாரம் கிடைத்துவிட்டதே என்ற மகிழ்ச்சி. கொப்பி எங்கே என்று கண் தேடியது. அம்மா அதைக் கண்டாள்.

"போய் எழுது" என்றாள்.

எழுதினேன். அந்த ஆங்கிலேயரும் அம்மாவும் தூர தேசம் போனவர்கள். அவர் நிலம் பிடிக்கப் போனவர். சோதிக்க வரும் அதிகாரி அவருடைய ஆட்டைத்தான் புரட்டிப் பார்ப்பான். அதனால் அவருக்குச் சிரிக்க முடிந்தது, கப்பலேறித் திரும்பிப் போய் அதைக் கதையாக்கவும் முடிந்தது. அம்மா விண்ணப்பப் படிவத்தோடு வந்தவள். புரட்டிப் பார்க்கப்பட்டது அவள். நல்ல அத்தியாயம் என்றார் பேராசிரியை. அதை எழுதி முடித்த பிறகுதான், அந்தக் கதையில் எனக்குரிய வேஷம் எது என்று யோசித்தேன். எழுத்தாளர் என்றுதான் நினைத்திருந்தேன். மந்தைக்குள் இறங்கிக் கம்பளியை விலக்கி, எல்லோரும் பார்க்கச் சொறியைக் காட்டியவள் நான்.

அக்கா கத்தவில்லை. என்னை நீங்கள் என்று கூப்பிடத் தொடங்கினாள்.

"சோறு போட்டுக் கொள்ளுங்கோ." "குளியலறை உங்களுக்குத் தேவையோ?" அவள் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர்களோடு பேசும் குரல். நானும் அவளும் சண்டை பிடித்தால் ஜெர்மனில்தான் பிடிப்போம், இது தமிழில், அழகான தமிழில் வந்தது. ஆறு வாரம் இப்படி. ஒருநாள், "அக்கா, அடியுங்கோ, அதுக்கு நான் அப்பிளும் கொண்டுவாறன்" என்றேன். பகிடி விட்டால் இளகுவாள் என்று நினைத்தேன். அவள் என் தட்டை எடுத்து, இன்னும் பாதிச் சோறு இருக்க, குப்பைக்குள் கொட்டிவிட்டு, "மன்னிக்கோணும், முடிஞ்சுது எண்டு நினைச்சன்" என்றாள்.

போன வியாழக்கிழமை என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"தமிழ்ப் பள்ளியில இருந்து, வருஷப் பிறப்பு விழாவுக்கு ஆர் பேசுறது எண்டு கேட்டு அனுப்பியிருக்கினம். நான் பேசுறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"நீங்களோ? என்னத்தை?"

"எனக்குத் தமிழ் எழுத்து கன நேரம் எடுக்கும். நான் சொல்லுறன், நீ எழுது. ஒரு சொல்லும் மாத்தக்கூடாது. வடிவாக்கக்கூடாது."

நீ என்றாள். நான் கொப்பியை எடுத்தேன். அவள் கட்டிலில் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னாள்.

"எனக்கு வலிப்பு. எனக்குக் காருக்குப் பயமில்லை."

எழுதினேன். என் கை தன் பாட்டில் இரண்டு வரியையும் இணைக்க ஒரு 'ஆனால்' தேடியது. போடவில்லை.

"அடுத்தது?"

"அடுத்தது உன்னைப் பற்றி. நீ முன்வரிசையில இருக்கிறாய், நான் முடிக்கும்வரைக்கும் எழும்பக்கூடாது." கதவுப் பிடியில் கை வைத்தாள். "அதை ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன். பேனையில மை இருக்கோ எண்டு பார்த்து வை."