கோதண்டராமன் இரவல் கொடுக்காத இயந்திரம்

கோதண்டராமன் காலமான செய்தி நம் ரைபிள் கிளப்பின் வாட்ஸப் குழுவில்தான் எனக்குக் கிடைத்தது. இரண்டு இரங்கல்களுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "அங்கிளோட ரீலோடிங் பிரஸ் இனி யாருக்கு?" அப்போது அவர் உடல் அல்வால் வீட்டுக் கூடத்தில் இருந்தது. கேட்டவர் பெயரைத் தவிர்க்கிறேன். அவரும் இதைப் படிப்பார்.

கோதண்டராமனின் தந்தை விட்டுச்சென்ற வேட்டைத் துப்பாக்கி, இவர் கையில் காகித இலக்கை மட்டுமே கண்டது. அதற்கேற்ற தோட்டாக்கள் கடைகளில் கிடைக்காமல் போயின. சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டில் வீட்டிலேயே மீண்டும் வெடிமருந்து நிரப்பி 'ரீலோடிங்' செய்யலாமா என்று வழக்கறிஞனான என்னிடம் கேட்டார். உரிமம் கைக்கு வரும்வரை கூடாது என்றேன். விண்ணப்பித்தார். காத்திருந்த ஆண்டுகளில், உரிய அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, கருவிகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்.

கைப்பிடியை இழுக்க இழுக்கத் தோட்டாக்கள் வரிசையாக வந்து விழும் இயந்திரத்தை, கொண்டாப்பூரிலிருந்து வரும் மென்பொருள் நண்பர் பரிந்துரைத்தார். இவர் தேர்ந்ததோ ஒரு நேரத்தில் ஒரு கூட்டை மட்டும் ஏற்கும் எளிய பிரஸ்.

"அங்கிள், இந்த ஸ்பீடுல அடுத்த ஜென்மத்துலதான் சுடுவீங்க."

"ஒரே கூட்டுல ரெண்டு தடவை மருந்து விழுந்தா, அந்த ஜென்மம் சீக்கிரமே வந்துடும்ப்பா."

மின்னணுத் தராசையும் விலக்கினார். "பேட்டரி இறங்கினா அது சத்தமில்லாம பொய் சொல்லும். முள் தராசு தடுமாறினா கண்ணுக்குத் தெரியும்" என்றார். அதைச் சரிபார்க்க ஒரு சிறு பித்தளை எடைக்கல்லும் வாங்கினார்.

பிறகு நம் செயற்குழு உறுப்பினர் ஒருவர் பிரஸை இரவல் கேட்டு வந்தார். அவரிடம் உரிமம் இல்லை. நான் உடனிருந்தேன்.

"ஒரு வாரம் கொடுங்க சார், யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. நக்கோ."

அவர் போனபின், 'ஆமாம்', 'வேண்டாம்' இரண்டையும் நம் ஊர் உருதுவிலேயே வைத்து, கோதண்டராமன் என்னிடம் சொன்னார்: "ஹவ்னு சொன்னா ஒருத்தன் கண்ணு போகும். நக்கோன்னா அவன் சிநேகிதம்தான் போகும்."

போனது ஒருவருடைய சிநேகிதம் மட்டுமன்று. அடுத்த பொதுக்குழுவில், சுடுதளப் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து அவரை நீக்கினீர்கள். காரணம் 'முதுமை' என்று பதிவாயிற்று. எதிர்த்த ஒரே வாக்கு என்னுடையது. அதன்பின் ஞாயிறுகளில் அவர் நுழைந்தால் பேச்சு அடங்கியது. பிறகு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

இரங்கல் கூட்டத்தில் அவரைப் 'பாதுகாப்பின் மறுபெயர்' என்றீர்கள். உண்மை. அந்தப் பெயரைத்தான் வாக்கெடுத்து வெளியேற்றினீர்கள்.

உரிமம் கடைசிவரை வரவில்லை. எண்ணெய் பூசி வைத்திருந்த அந்தப் பிரஸில் அவர் ஒரு தோட்டாகூட நிரப்பவில்லை. காரியங்கள் முடிந்ததும் அதைக் கேட்டு இருவர் வீட்டுக்கே வந்தார்களாம். "அவர் இல்லைன்னு சொன்னதுக்கு நான் ஆமான்னு சொல்லணுமா?" என்றார் அவர் மனைவி. என் முன்னிலையில் அதை உடைக்கச் செய்து பழைய இரும்புக்குப் போட்டார். குழுவில் கேட்கப்பட்ட கேள்விக்கு இதுவே விடை.

எடைக்கல்லை மட்டும் எனக்குக் கொடுத்தார். அது என் மேசைமேல் இருக்கிறது. அவர் சொன்ன "நக்கோ"வும் என்னிடம் இருக்கிறது. எடைக்கல்லை இரவல் கேட்பவருக்கும் அதுதான் பதில்.