மேற்கு வாசலில் விட்ட செருப்பு

பெருங்காயமும் புதுப்புளியும் ஒரே பைக்குள் கிடந்து பங்குனி வெயிலில் வேகும்போது ஒரு வாடை வரும் பாருங்கள், அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கால் எரியும், கூடவே கோபமும் வரும். எழுபதுகளின் கடைசியில் மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். சந்து முனையிலேயே உப்பு முதல் கற்பூரம் வரை விற்கும் மளிகைக்கடை ஒன்று இருந்தது. அதில் அம்மா தீப்பெட்டி தவிர வேறெதுவும் வாங்க மாட்டாள்.

துவரம்பருப்புக்குக் கீழமாசி வீதியில் ஒரு கடை. அந்தக் கடையிலேயே புளி மலையாகக் குவிந்து கிடந்தாலும், புளிக்கு நாலு கடை தள்ளி ஓர் அண்ணாச்சி. பெருங்காயத்துக்கு அதே வீதியில் இன்னொருவர், காப்பித்தூளுக்கோ தெற்குமாசி வீதி. எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், "ஒரே கடையில எல்லாத்தையும் வாங்குனா, கடைக்காரன் நம்மள வாங்கிருவான்" என்பாள். சரி, தம்பியை அனுப்ப வேண்டியதுதானே என்றால், "அவன் சின்னப்புள்ளடி, தொலஞ்சு போயிருவான்." அவன் என்னைவிட ஒரே ஒரு வயது இளையவன். நான் மட்டும் என்ன, பிறக்கும்போதே வழி கேட்டுக்கொண்டா பிறந்தேன்?

மதுரையில் வழி தவறவே முடியாது என்று பெருமை பேசுகிறவர்கள் கையில் பை இல்லாமல் நடந்தவர்கள். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக வீதிகள். ஒரு மூலையில் தப்பாகத் திரும்பினால் ஊரையே சுற்ற வேண்டியதுதான். அதனால் நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். மேற்குக் கோபுர வாசலில் பூக்காரம்மாவிடம் செருப்பை விட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைந்து, போகிற போக்கில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிழக்கே வெளியேறினால் கீழமாசி வீதி கிட்டத்தில் வந்துவிடும். திரும்புவதும் அதே வழி. செருப்பைப் பைக்குள் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். பருப்புப் பையில் செருப்பைப் போட்டால் அம்மா என்னையும் சேர்த்தல்லவா வெளியே போட்டிருப்பாள்!

ஏழாம் வகுப்பில் ஒரு சனிக்கிழமை. பள்ளியின் கோ-கோ அணிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஓட்டத்தில் என்னைப் பிடிக்க வகுப்பில் ஆளே கிடையாது. "நீ வந்தா மட்டும் போதும்" என்று விளையாட்டு டீச்சரே சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்து, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், அம்மா பையை நீட்டினாள்.

பருப்பும் பெருங்காயமும் சீக்கிரமே வாங்கிவிட்டேன். புளிக்கடையில் அண்ணாச்சியைக் காணோம். "சாப்பிடப் போயிருக்காரு, இந்தா வந்துருவாரு, நில்லு தாயி" என்றார் பக்கத்துக் கடைக்காரர். பருப்புக்கடையிலேயே புளியை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் அம்மா ஒரு சுளையை நாக்கில் வைத்தே எந்தக் கடை என்று சொல்லிவிடுவாள். நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். அவர் ஆடி அசைந்து வந்து புளியை நிறுத்துக் கொடுத்து, நான் கிழக்கு வாசலுக்கு ஓடினால் நடை சாத்தியாகிவிட்டது. "இனிமே நாலு மணிக்குத்தேன்" என்றார் காவல்காரர். என் செருப்பு மேற்கு வாசலில்.

தெற்குச் சித்திரை வீதி வழியாகச் சுற்றினேன். தார் இளகிக் காலைப் பிடித்தது. நிழல் கண்ட இடத்தில் ஒற்றைக் காலில் நிற்பதும் அடுத்த நிழலுக்கு ஓடுவதுமாக, பையும் கையுமாக அழுதுகொண்டே வந்தேன். "ஐயோ தங்கம், காலு வெந்துபோச்சே" என்று பூக்காரம்மா பதறினார்.

வீட்டில் அம்மா முதலில் புளியைத்தான் பார்த்தாள். "இதுதாண்டி புளி" என்று மெச்சிவிட்டு, பிறகுதான் என் காலில் தேங்காயெண்ணெய் தடவினாள். ஓட முடியாதே என்று நான் விம்ம, "ஓடி ஓடி என்னத்தக் காணப் போற? அதான் கடைக்கு ஓடுறியே, அது பத்தாதா?" என்றாள். எனக்கு அந்தப் புளியை அப்படியே சாக்கடையில் கொட்டலாம் போலிருந்தது.

இருந்தாலும் நாலு மணிக்குப் போனேன். வரிசையில் குத்தவைத்தேன். முதுகில் தட்டி "கோ" என்றதும் எழுந்து காலை ஊன்றினேன், கொப்புளம் உடைந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வருடத்துக்குள் நான் வயசுக்கு வந்தேன். கோ-கோவும் போச்சு, கடைத்தெருவும் போச்சு. அதற்குப் பிறகு கடைக்குப் போனவன் தம்பி. அவன் எல்லாவற்றையும் சந்து முனைக் கடையிலேயே வாங்கி வந்தான். அம்மா அவனைத் திட்டவே இல்லை. "பாவம், வெயில்ல எம்புட்டுத் தூரம் அலைவான்" என்றாள்!

இன்றைக்கு அந்தப் புளிக்கடை இல்லை, சந்து முனைக் கடையும் இல்லை. கோயிலுக்குள் பையோடு ஒரு எட்டு வைக்க விடமாட்டார்கள். பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் போனைத் தட்டினால் ஒரே பையில் வாசலுக்கு வருகின்றன. கடைக்காரன் எங்களை எப்போதோ வாங்கிவிட்டான். அம்மாவுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

போன வாரம் சாமான் கொண்டுவந்த பையன் தெருவைக் கண்டுபிடிக்க முடியாமல் போன் செய்தான். மொட்டை வெயில். எந்த மூலையில் திரும்ப வேண்டும் என்று நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பாவம்டி, வெயில்ல அலையிறான். நீதான் எறங்கிப் போயி வாங்கிட்டு வாயேன், ஒனக்குத்தான் வழி தெரியும்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.