மதிலுக்கு அந்தப் பக்கக் கிணறு

எங்கள் கொல்லையில் ஒரு மர ஸ்டூல் கிடக்கிறது. ஒரு கால் ஆடுகிறது, மேல்பலகை வெயிலில் வெடித்துவிட்டது. தூக்கிப் போடச் சொல்லி மனைவி அலுத்துப்போய்விட்டாள். புதுச்சேரி நகராட்சியிலிருந்து வந்த ஓவர்சியர் அம்மா ஏறி நின்ற ஸ்டூல் அது. அவர் மேல் எனக்கு ஒரு காலத்தில் அவ்வளவு கோபம் இருந்தது.

அது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒன்று. மனைவி பிரசவத்துக்காக அரியாங்குப்பத்தில் தாய்வீட்டில் இருந்தாள். அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள், படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலோ ஒரே கழிவறை, அதுவும் மாடியில். அவள் வருவதற்குள் கீழே, கொல்லைப் பக்கம் ஒன்று கட்டியாக வேண்டும். தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தது. ஆனால் அங்கே குழாய் கொண்டுபோக வேண்டுமென்றால் கூடத்துச் சிவப்புத் தரையை நீளத்துக்கும் உடைக்க வேண்டும். "எதுக்கு சார் ஒடைக்கணும்? மதிலோரமா ஒரு குழி வெட்டி உட்டா போதும்" என்றார் கொத்தனார். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இத்தனை அடி இருக்க வேண்டும் என்று விதி இருப்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கிணறு இல்லை. அந்தத் தைரியத்தில் வரைபடத்தை அனுமதிக்காக நகராட்சியில் கொடுத்துவிட்டேன்.

பார்வையிட வந்த ஓவர்சியர் அம்மாவுக்கு என்னைவிட வயது குறைவுதான் இருக்கும். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "உங்க எடத்துல கெணறு இல்ல, சரி. மதிலுக்கு அந்தாண்ட?" என்றார்.

"தெரியலீங்க மேடம்" என்றேன்.

பச்சைப் பொய். முருங்கை இலை கொட்டுகிற சண்டையில் பக்கத்து வீட்டு அக்காவோடு நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்றாலும், அவர்கள் வீட்டுக் கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவது தினமும் காதில் விழத்தான் செய்தது. என் போதாத காலம், அப்போதும் அது கிறீச்சிட்டது. ஓவர்சியர் அம்மா ஒரு ஸ்டூல் கேட்டார். புடவையைச் செருகிக்கொண்டு ஏறி, மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, "குடிக்கிற தண்ணி சார். உங்க குழித் தண்ணி மதில பாத்துட்டா நின்னுடும்?" என்றார்.

அனுமதி கிடைக்கவில்லை. பிள்ளை பெற்றவள் வரப்போகிறாளே என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் மசியவில்லை, அப்படியே விட்டுவிட்டும் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, கூடத்தின் ஓரமாகத் தெருச் சாக்கடைக்குக் குழாய் போகும் வழியை வரைந்து கொடுத்தார். குழாய் பதித்த அன்று தானே வந்து, ரசமட்டம் வைத்து, தண்ணீர் ஓடப் போதுமான சரிவு இருக்கிறதா என்று வாட்டம் பார்த்தார். "இங்க தூக்கலா இருக்கு, நாளைக்கு அடைச்சிக்கும்" என்று ஓரிடத்தைப் பெயர்த்துத் திரும்பப் போடவும் வைத்தார். மனைவியும் குழந்தையும் இரண்டு வாரம் தாமதமாக வந்தார்கள். அந்த இரண்டு வாரமும் அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது ஒரு புயல் அடித்தது. மூன்று நாள் மின்சாரம் இல்லை, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் காலையில் குழந்தை தண்ணீர் கேட்டு அழுதுகொண்டிருந்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"தம்பி, கொழந்த அழுவுதே. கொடத்த நீட்டு, தண்ணி மொண்டு தர்றேன்."

அந்த ஸ்டூலில்தான் ஏறினேன். அக்கா ஊற்றிய தண்ணீர் குளிர்ந்து, தெளிவாக இருந்தது. காய்ச்சி ஆற்றிக் கொடுத்தோம். மகள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மடமடவென்று குடித்தாள்.

ஓவர்சியர் அம்மாவுக்கு நன்றி சொல்லப் போனேன். மாற்றலாகிக் காரைக்கால் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவரை அதன்பின் பார்க்கவேயில்லை. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். இந்த ஸ்டூலை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று அவளும் கேட்கிறாள். அவள் குடித்த தண்ணீரில் என் குழித் தண்ணீரைக் கலக்க இருந்தேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஆடுகிற காலுக்கு இன்னொரு ஆணி அடித்து வைக்கிறேன்.