கல்வெட்டுப் பாட்டு

"பாட்டெல்லாம் இப்ப ஆர் அக்கா வாசிக்கினம்? நல்ல கலர்ப் படமாய்ப் போடுவம்" என்றார் கொக்குவில் அச்சகக்காரர். அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கப் போயிருந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டுவதல்ல. செத்தவர் பேரில் பாட்டு எழுதி அச்சடித்து, அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். அச்சு மையின் மணம் மூக்கில் ஏறியதும் எனக்குத் தம்பியின் நினைவு வந்துவிட்டது.

சண்டை நாட்களில் கொழும்பிலிருந்து சிறுவர் புத்தகம் ஒன்றும் வராது. சாவுக்குக் குறைவில்லை, ஆகவே கல்வெட்டுக்கும் குறைவில்லை. நீங்கள் சிரிக்கக் கூடாது, நானும் தம்பியும் அவற்றைத்தான் வாசித்து வளர்ந்தோம். 'மனைவி புலம்பல்' என்று போட்டிருக்கும். பொருள் யாருக்கு வேண்டும்? சொற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடுகிற அந்த ஓட்டத்தில்தான் எங்களுக்குப் பைத்தியம். நான் இழுத்துப் படிக்க, அவன் பிஸ்கற் தகரத்தில் தாளம் போடுவான். யாரோ ஒரு விதவையின் கண்ணீருக்கு நாங்கள் துள்ளிக்கொண்டிருப்போம்.

"விளக்கு வைக்கிற நேரத்திலை செத்தவீட்டுப் பாட்டோ? மூடுங்கோ வாயை" என்று அம்மா அகப்பையோடு வருவார்.

"உது வெறும் பாட்டம்மா" என்றபடி தம்பி ஓடுவான்.

பிறகு நான் பள்ளிக்கூடத்தில் ரீச்சராகி, அயலில் யார் செத்தாலும் புலம்பல் எழுதிக் கொடுக்கிறவளானேன். தம்பி கடைசிச் சண்டையில் வன்னியில் காணாமல் போனான். கல்வெட்டின் முதற்பாட்டு இறந்த மாதமும் திதியும் சொல்ல வேண்டும். அவனுக்கு எந்தத் திதியைச் சொல்வது? ஊருக்கெல்லாம் எழுதியவளுக்கு அவன் பேரில் ஒரு வரி எழுத வழியில்லாமற் போயிற்று. "அவன் வருவான், நீ பேனையைத் தொடாதை" என்று சொல்லிச் சொல்லியே அம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

அச்சகக்காரர் பிள்ளைகளின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். "அக்கா, தம்பிக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு போடுறதோ?"

"வேண்டாம்."

"அப்ப பாட்டு?"

"அதைப் போடுங்கோ. ஆரும் வாசிக்காட்டிலும் பரவாயில்லை."

அந்தியேட்டி முடிந்தது. சனம் படத்தைப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போயிற்று. கடைசிப் பக்கத்தில், பிள்ளைகள் புலம்பலில், என் தம்பியும் எங்களோடு நின்று அம்மாவுக்காக அழுகிறான். செத்தவன் அழமாட்டான், அதனால்தான் அப்படி எழுதினேன். ஓசை எங்கும் தட்டவில்லை. சத்தமாய்ப் படித்துப் பார்க்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.