எட்டு மாத மூக்குகள்

எங்கள் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் போட்டோக்கா. லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்தாலும், உள்ளே தரை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார். இத்தனைக்கும் அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கேட்டால், "அவர் வேலை செய்யறதைப் பார்த்திருக்கேன் சிஸ்டர், அதனாலதான்" என்பார்.

இந்தச் சந்தேகம் பழைய வேலையில் ஒட்டிக்கொண்டது. இருபது வருஷம் ஒரு ஸ்டூடியோவில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவர். பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தைக் கொண்டுவந்து, போன வாரம் எடுத்தது என்று சாதித்தவர்களையெல்லாம் பார்த்திருக்கிறார். ஒரு தடவை அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி வந்து உட்கார்ந்தானாம். இரண்டு பேருக்கும் அச்சு அசலாக ஒரே முகம். காது மடலைப் பார்த்தே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாராம். முதலாளி வேறு ஊருக்குக் குடிபோனதும் எங்களிடம் வேலை கேட்டு வந்தார். அன்று டாக்டர் தன்னையே ஒரு படம் எடுத்துக் காட்டச் சொன்னார். இவர் டாக்டரைக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், சிரிப்பையும் நிறுத்தச் சொன்னார். சிரித்தால் மூக்கு நுனி கீழே இறங்கும், படம் பொய் சொல்லும் என்றார். அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது.

எங்களுடையது மூக்குக்கு மட்டுமான சின்ன ஆஸ்பத்திரி. முதல் மாடியில் ஓர் அறையைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் நான். ஏழாம் நாள் வருகிறவர்களுக்குக் கட்டுப் பிரித்து, மூக்கு அசையாமலிருக்க மேலே ஒட்டியிருக்கும் அச்சை எடுத்து, உள்ளே காய்ந்து கிடப்பதைச் சுத்தம் செய்வது என் வேலை. மறுபக்கம் சாம்பல் நிறச் சுவர், ஒரு முக்காலி, எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்குத் தரையில் ஒட்டிய நாடாக்கள். நேர் முகம் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, முக்கால்வாசி திரும்பி இரண்டு, அண்ணாந்து மூக்குத் துவாரம் தெரிய ஒன்று. ஆக ஆறு படம். ஆபரேஷனுக்கு முன் ஆறு, கட்டுப் பிரித்த அன்று ஆறு, ஆறு மாதம் கழித்து ஆறு.

முதல் ஆறு படத்தையும் அச்செடுத்துக் கொடுத்தால், டாக்டர் அதன் மேலேயே சிவப்புப் பென்சிலால் வரைவார். அவர் பெயர் வாங்கியது அந்தப் பென்சிலால்தான். யார் எந்த நடிகையின் படத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும், அது அந்த முகத்துக்கான மூக்கு என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மேடு விழுந்த மூக்காக இருந்தால் எலும்பைச் சீவினால் மட்டும் போதாது, சீவிய இடம் தட்டையாகத் திறந்து நிற்கும், இரண்டு பக்க எலும்பையும் நெருக்கி அதை மூட வேண்டும் என்பார். நுனி குண்டாகவும் தோல் தடிப்பாகவும் இருந்தால் உள்ளே அதிகம் வெட்டக்கூடாது. தடித்த தோல் சுருங்காது, தாங்க ஆளில்லாமல் தொய்ந்துவிடும். அங்கே தையல் போட்டு நிமிர்த்துவதுதான் வேலை. நடுவில் பள்ளமான மூக்குக்குக் குறைக்க ஒன்றுமே இல்லை. காதின் பின்பக்கத்திலிருந்து குருத்தெலும்பு எடுத்து, நகக்கனத்துக்குச் செதுக்கி, உள்ளே வைத்து உயர்த்த வேண்டும். கோணல் மூக்குக்கு உள்ளேயிருக்கும் நடுச்சுவரை நிமிர்த்தாமல் வெளியே என்ன செய்தாலும் மறுபடி கோணிக்கொள்ளும். இதையெல்லாம் வருகிறவர்களிடம் பொறுமையாகச் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கே பாடம் ஆகிவிட்டது.

ஒரு நாள் காலை மேனேஜரம்மா வந்து, விளம்பரத்துக்கு வேண்டும், ஒப்புதல் கொடுத்தவர்களில் நல்ல படமாக இருபது எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டோக்கா கம்ப்யூட்டரில் வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையில் கண்ணையும் வாயையும் இரண்டு காகிதத் துண்டால் மறைத்து, மூக்கை மட்டும் காட்டி, யார் யார் என்று சொல்லச் சொன்னார். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது என்று தள்ளிக்கொண்டே போனார். நுனி கொஞ்சம் மெலிந்து, துவாரம் கொஞ்சம் குறுகி, எல்லாம் ஒரே கை பிடித்த கொழுக்கட்டைகள் போல இருந்தன. எல்லோரும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் சந்தேகம் மேனேஜரம்மா மேல் விழுந்தது. விளம்பரத்துக்காகப் படங்களைத் திருத்துகிறாரோ என்று கேமராவின் கார்டில் இருந்த அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு புள்ளி மாறவில்லை. அடுத்தது என் மேல். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் டிராயரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார், டீ குடிக்கப் போனால் கார்டையும் கையோடு எடுத்துப்போனார். ஃபைல்களை நான்தான் மாற்றி மாற்றி வைத்துக் குழப்புகிறேன் என்று நினைத்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷம் ஒரே அறையில் இருந்த பழக்கம்!

மூன்றாம் நாள் அவரே திரையை விலக்கிக் கேட்டார்.

"சிஸ்டர், காதுக்குப் பின்னாடி கட்டு கடைசியா எப்ப பிரிச்சீங்க?"

ஞாபகம் இல்லை என்றேன். அவருக்கு என் ஞாபகம் தேவைப்படவில்லை. படம் எடுக்கும்போது தலைமுடியை இழுத்துக் கட்டச் சொல்வார் என்பதால், காதில் பிளாஸ்திரி இருந்தால் பக்கவாட்டுப் படத்தில் தெரியும். முந்தைய வருஷங்களில் மாதத்துக்கு மூன்று நாலு பேருக்கு இருந்தது. கடைசி எட்டு மாதத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. பள்ளமான மூக்குகள் வராமல் இல்லை, வந்திருக்கின்றன. வந்தவர்களுக்கும் நுனியை மட்டும் மெலியவைத்து அனுப்பியிருக்கிறார் டாக்டர். இன்னொன்றும் சொன்னார். கோணல் மூக்குக்காரர்கள் முதல் ஆறு படத்துக்கு வந்ததோடு சரி, இரண்டாவது ஆறுக்கு வரவே இல்லை. உங்களுக்கு ஆபரேஷன் அவசியமில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டாராம். போட்டோக்காவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அன்றிலிருந்து டாக்டர் அறைக் கதவு திறந்திருக்கும்போதெல்லாம் ஏதாவது சாக்கு வைத்து அந்தப் பக்கமாக நடந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய நாத்தனார் வந்து சேர்ந்தாள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள், முப்பத்து நாலு வயசு, நறுக்கென்று பேசுவாள். நடுவில் பள்ளம், நுனியில் குண்டு, தடித்த தோல், இதுதான் அவள் மூக்கு. பள்ளியில் பட்டப்பெயர் வைத்து அழைத்ததிலிருந்தே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தாளாம். அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்களிடம் நாள் வாங்கியிருந்தாள். மறுநாள் யார் யார் படத்துக்கு வருகிறார்கள் என்ற பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தபோது போட்டோக்கா முகம் இறுகியதை நான் பார்த்தேன்.

வீட்டில் நடந்ததை அவரே பிறகு சொன்னார். இப்போது வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றிருக்கிறார். ஏன் என்றால் சொல்ல முடியவில்லை. கையில் இருப்பது வெறும் சந்தேகம், தவறாகிவிட்டால் வேலை போய்விடும், டாக்டர் பெயரும் கெடும். காரணம் சொல்லாமல் தடுத்தால் கேட்பவளுக்கு என்ன தோன்றும்? "அண்ணி, இது என் மூக்கு. இதுல நீங்க உங்க மூக்கை நுழைக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். நான் அழகாகிவிடுவேன் என்று அண்ணிக்குப் பொறாமை என்று அண்ணனிடமும் போட்டுவைத்தாள். பாவம் அந்த மனிதர், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி யார் பக்கமும் போகாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாராம்.

டாக்டர் பார்க்கிற நாள் வந்தது. டார்ச்சும் தட்டும் பிடிக்க நான் உள்ளே இருந்தேன். படங்களைக் கொடுக்க வந்த போட்டோக்கா, கொடுத்துவிட்டுப் போகாமல் சுவரோரமாக நின்றார். டாக்டர் நுனிக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கோடு போட்டார். சின்ன வேலைதான், நுனியை மட்டும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் போதும் என்றார். நாத்தனாருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

போட்டோக்கா ஒரு பழைய அச்சை எடுத்து மேஜையில் வைத்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு பெண்ணுடையது, கண்ணும் வாயும் மறைத்திருந்தது. இவளுடையதைப் போலவே பள்ளமும் குண்டும். மேலே டாக்டரின் சிவப்புப் பென்சில், நடு மூக்கை உயர்த்தி ஒரு கோடு, காதிலிருந்து அங்கே ஓர் அம்பு.

"இதே மூக்குதான் டாக்டர். அப்ப காதுலேர்ந்து எடுக்கணும்னு நீங்கதான் வரைஞ்சீங்க. இப்ப ஏன் வேணாம்?"

இப்போது முறை மாறிவிட்டது என்றார் டாக்டர், நிமிர்ந்து பார்க்காமல்.

"எல்லாருக்குமா மாறிடுச்சு?" என்று கேட்டுவிட்டு, எட்டு மாதத்தில் வந்த பள்ளமான மூக்குகளை ஒவ்வொன்றாகப் பரப்பினார். இருபத்துமூன்று. மேஜை போதாமல் கடைசி நாலை நாற்காலியில் வைத்தார்.

டாக்டர் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு நாத்தனாரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். அவள் அசையவில்லை. என் மூக்கைப் பற்றித்தானே பேசுகிறீர்கள், இருக்கிறேன் என்றாள். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். வலது கட்டைவிரலை என் பக்கம் நீட்டி, தட்டிலிருந்து ஊசி எடுத்துக் குத்தச் சொன்னார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். குத்தினேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

"குத்திட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார்.

கழுத்து எலும்பு நரம்பை அழுத்துகிறதாம். முதலில் மரத்துப்போனது, பிறகு விரல் இருப்பதே தெரியவில்லை. வெட்டுவதையும் தைப்பதையும் கண்ணால் பார்த்தே சமாளித்துவிடலாம் என்றார். ஆனால் குருத்தெலும்பை நகக்கனத்துக்குச் செதுக்குவதும், நடுச்சுவரை நிமிர்த்துவதும் விரல் நுனிக்குத் தெரிய வேண்டிய வேலை. ஒருமுறை செதுக்கும்போது துண்டு உடைந்துவிட்டது, அதன்பின் தைரியம் வரவில்லை. சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று காத்திருந்ததில் மாதங்கள் ஓடிவிட்டன. யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"கெடுதல் பண்ணலை, சரி" என்றார் போட்டோக்கா. "ஆனா அவங்க மூக்கு என்ன கேட்டுச்சோ அதைச் செய்யலையே டாக்டர். உங்க கை என்ன கேட்டுச்சோ அதைத்தானே செஞ்சீங்க?"

இனிமேல் கத்தியைத் தொடமாட்டேன் என்று டாக்டர் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் மனம் இளகிப் போயிருப்பார்கள். இவர் இளகவில்லை. அடுத்த வாரத்து ஆபரேஷன்களை ரத்து செய்யச் சொல்லி, மேனேஜரம்மாவுக்குத் தன் எதிரிலேயே போன் போடவைத்தார். போட்டு முடித்த பிறகும், நிஜமாகவே ரத்தாகியிருக்கிறதா என்று கீழே போய்ப் பட்டியலைப் பார்த்தார். மேனேஜரம்மா அன்றிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இத்தனை பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டதாக என்னிடம் சொன்னார்.

இருபத்துமூன்று பேரையும் டாக்டரே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஏழு பேர் மறுபடி செய்துகொள்ளத் திரும்ப வந்தார்கள். ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தார், அதன் விசாரணை இன்னும் நடக்கிறது. நிறையப் பேர், எங்களுக்கு இருக்கிறதே போதும் என்று போனை வைத்துவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் நேரில் வந்து போட்டோக்காவைத் தேடிப் பிடித்தாள். போன் வரும்வரை அவளுக்கு அவள் மூக்கைப் பிடித்திருந்ததாம். இப்போது கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் குறைதான் தெரிகிறது, உங்களுக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்டாள். போட்டோக்கா அன்று முழுவதும் படத்துக்கு வந்தவர்களிடம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொன்னதோடு சரி.

வேறு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்து பொறுப்பெடுத்தார். பழைய டாக்டர் இப்போது வருகிறவர்களைப் பார்த்து வரைந்து கொடுப்பதோடு சரி. புது டாக்டர் கையால் முதலில் மூக்கு உயர்ந்தவர்களில் நாத்தனாரும் ஒருத்தி. காதிலிருந்து எடுத்து நடுவை உயர்த்தினார்கள், நுனியில் தையல் மட்டும். தடித்த தோல் என்பதால் வீக்கம் வடிய ஒரு வருஷம் ஆனது. அவள் கனவு கண்ட கூர் மூக்கு வரவில்லை. அவளுடைய மூக்கேதான், கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது. அண்ணியிடம் நன்றி என்று அவள் சொல்லவில்லை. அண்ணி தன்னை வைத்து டாக்டரைச் சிக்கவைத்தார் என்ற சந்தேகம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் வாரம் ஒரு நாள் அவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். பிரேக்கைச் சோதிக்காமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்கிறாராம்.

நாத்தனாருக்குக் காதுக் கட்டை நான் பிரித்த அன்று, எல்லோரும் போனபின் போட்டோக்கா என்னிடம் கேட்டார், எட்டு மாதமாக இந்தக் கட்டு வரவில்லை என்று உண்மையிலேயே எனக்குத் தெரியாதா என்று. மூன்றாவது மாதமே தெரியும் என்று சொல்லிவிட்டேன். கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில் கேட்காமல் இருந்தேன் என்றும் சொன்னேன். அவர் திட்டவில்லை. மூன்று வாரம் வேலைப் பேச்சு மட்டும்தான் இருந்தது.

நாலாவது வாரம், நான் ஒரு கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது திரையை விலக்கி வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு எந்தக் கட்டைப் பிரித்தாலும் வந்து நிற்கிறார். நானும் போங்கள் என்று சொல்வதில்லை.