எட்டு விரல்களோடு ஒரு சென்டர் ஃபார்வர்டு

இரண்டு லீக் பட்டங்கள், ஒரு கோப்பை, ஆஸ்திரிய நாட்டு அணிச் சட்டையில் பதினான்கு ஆட்டங்கள், அவற்றில் ஒன்பது கோல்கள். எம்மெரிச் ஹவ்லிக் இத்தனையையும் எட்டுக் கால்விரல்களோடு வென்றான். இடக்காலின் கடைசி இரண்டு விரல்களைப் போர்முனைப் பனி தின்றுவிட்டிருந்தது.

இதெல்லாம் வருவதற்கு முன்பு அந்த ரகசியத்துக்குக் காவல் இருந்தவள் அக்கா ஹெர்மினே. எரிவாயு ஆலையின் பெரிய கால்பந்துக் கழகம் தம்பியை எடுத்துக்கொண்டால் ஆலையில் வேலையும் சேர்ந்து கிடைக்கும். விரல் விஷயம் வெளியே தெரிந்தால் இரண்டும் போச்சு. ஆகவே அவனுடைய இடது பூட்ஸின் முனையில் அவளே கம்பளி அடைத்தாள். தெரு அணியின் ஆட்டம் முடிந்து மற்றவர்கள் குளிக்கும்போது அவனை வீட்டுக்கு விரட்டினாள். அவன் காலைக் குனிந்து பார்த்தவர் எல்லாரும் அவள் கணக்கில் ஒற்றர்கள்.

ஜூலையில், ஆட்டக்காரர்கள் கழகம் மாறும் நாட்களில், பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர் அவர்கள் குடியிருந்த வியன்னாவின் ஃப்ளோரிட்ஸ்டார்ஃப் பகுதியில் தென்படத் தொடங்கினார். மூலைக் காபிக் கடையில் ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு அக்கா தம்பி வீட்டு வாசலையே பார்த்திருந்தார். ஞாயிறன்று அவர்கள் குளிக்கப் போன பழைய டான்யூப் ஆற்றங்கரைக்கும் வந்துவிட்டார்.

"காலுறையோட எவன்டா நீந்துவான்? நீயே தண்டோரா போடுற."

"வெறுங்காலோட இறங்கினா அதுக்கும் கத்துவ. எப்படித்தான்க்கா குளிக்கிறது?"

சனிக்கிழமை அந்த மனிதர் கதவைத் தட்டினார். ஆலைக் கழகத்தின் செயலாளர் ஷ்ட்ரோபலாம். கையில் ஒப்பந்தம்.

"வாங்க தம்பி, ஒயின் தோட்டத்துல உட்கார்ந்து பேசுவோம்."

"குடிக்க வச்சுக் கையெழுத்து வாங்கவா? இங்கயே பேசுங்க," என்றாள் ஹெர்மினே. "ஒரு வாரமா எங்க வாசல்ல என்ன வேலை?"

"வேற கழகத்துக்காரன் தூக்கிட்டுப் போயிடக் கூடாதில்லம்மா. போன வருஷம் ஒருத்தனைக் கிராமத்து விடுதியில பூட்டியே வச்சுட்டாங்க."

"ஆத்தங்கரையிலயும் காவலா?"

ஷ்ட்ரோபல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "விரல் விஷயம் ஏப்ரல்லயே தெரியும்மா."

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி ஜன்னலைப் பார்த்தான்.

"யார் சொன்னா?" என்றாள்.

"எங்க கோல்கீப்பர். உங்க தெரு அணியோட ஆடின பயிற்சி ஆட்டத்துல தம்பி இடக்கால்ல அடிச்ச பந்து கடைசியில திரும்புது, பிடிக்கவே முடியலைன்னு புலம்பினான். காலை ஊனுறதைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டான். அவனும் அதே பனியில விரலை விட்டுட்டு வந்தவன்."

"தெரிஞ்சுமா கேட்டு வந்தீங்க?"

"தெரிஞ்சதாலதான். விரல் இல்லாத அந்தக் கால்தானே பந்தைத் திருப்புது."

தேன் தடவிய பேச்சு என்று நினைத்தாள். நாலு ஆட்டம் தோற்றால் அதே விரல்களைக் காட்டி வேலையை விட்டும் துரத்துவார்கள்.

"அப்போ எழுதுங்க. கால்விரலைக் காரணம் காட்டி ஆட்டத்துலயிருந்தோ வேலையிலயிருந்தோ நீக்க மாட்டோம்னு."

"தம்பியை விட்டுட்டு உங்களைப் பின்களத்துக்கு எடுத்திருக்கணும்," என்று முனகியபடி ஷ்ட்ரோபல் எழுதினார்.

நகலிலும் அதே வரி விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவள் பேனாவைத் தம்பியிடம் நீட்டினாள். எம்மெரிச் முதன்முதலாக ஒரு கழகத்துக்குக் கையெழுத்திட்டது 1947 ஜூலை 12 அன்று.