ஏழு புத்தகம் கூடக் கிடக்கு

வேதாகமம் விற்பதில் உள்ள ஒரே கஷ்டம், வாங்கியவர்கள் சில வேளை அதை வாசித்துவிடுகிறார்கள். கண்டி டவுனில் கிறிஸ்தவப் புத்தகக் கடையொன்றில் பதினொரு வருடமாக நிற்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

அச்சுப் பிழை

கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், புரட்டஸ்தாந்து சபை. வேதாகமத்தின் அறுபத்தாறு ஆகமங்களின் பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஒரு நாள் புத்தம் புதிய வேதாகமமொன்றைக் கவுண்டரில் வைத்தார். மகன் கட்டப்போகும் கத்தோலிக்கப் பெண் கொடுத்த பரிசு. கத்தோலிக்கருக்கு ஆகமங்கள் எழுபத்துமூன்று என்று நான் வாயெடுக்குமுன் குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, இது அச்சுப் பிழை. நடுவில ஏழு புத்தகம் கூடக் கிடக்கு. அவவுக்குத் தெரியாமல் மாத்தித் தாங்கோ.”

ஒரு வாசகம்

அச்சுப் பிழையல்ல என்று நான் விளக்கியதுதான் வினையாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்ணே புசல்லாவையிலிருந்து வந்தாள். தன் ஊர்க் கோயிலில் நடக்கும் திருமணப் பூசையில் தோபித்து ஆகமத்திலிருந்து வாசிக்க அவளுக்கு ஆசை. புதுமணத் தம்பதி சேர்ந்து ஜெபிக்கும் பகுதி. அது அந்த ஏழில் ஒன்று. வேதமல்லாததை வாசித்தால் கோயிலுக்கே வரமாட்டேன் என்று மாஸ்டர் சொல்லிவிட்டாராம். வேறு வாசகம் எடுத்தால் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எடுத்துரலாம்க்கா. இன்னைக்கு வாசகம், நாளைக்கு ஜெபமாலை. அப்புறம் என்கிட்ட என்ன மிஞ்சும்?”

பட்டியல்

அந்த ஏழும் வேதப் பட்டியலில் இல்லை என்று மாஸ்டர் மறுபடியும் வந்து சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வானத்திலிருந்து பட்டியல் விழவில்லை ஐயா. சபைகள் வாசித்தன, கையால் எழுதி ஊருக்கு ஊர் அனுப்பின, சண்டையும் பிடித்தன. பட்டியல் பிறகுதான் வந்தது. அதுவும் எல்லோருக்கும் ஒன்றாக வரவில்லை” என்றேன்.

“அப்ப கடவுள் நினைச்சுத் தந்தது எது?” என்று கேட்டவரின் முகம் வாடிப்போயிருந்தது. பாவமாக இருந்தது. அந்த ஏழு புத்தகத்தையும் வாசித்துப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன்.

“வாசிக்கிறதோ? எண்ணினனான்.”

தகப்பன்

பத்து நாள் கழித்து அதே வேதாகமத்தோடு வந்தார். மாற்றத்தான் வந்திருக்கிறார் என்று கையை நீட்டினேன், தரவில்லை. தோபித்து முழுவதையும் வாசித்திருந்தார். கண் தெரியாத தகப்பன், பிரயாணம் போய் மனைவியோடு திரும்பும் மகன், கூடவே வரும் நாய், எல்லாவற்றையும் எனக்கே சொல்லிக் காட்டினார். பிறகு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“இது வேதமோ இல்லையோ எனக்கு இன்னும் தெரியாது, பிள்ளை. ஆனால் அந்தத் தகப்பன் மருமகளைக் கூட்டிவர ஊர் வாசல் வரைக்கும் நடந்து போறார். நான் புசல்லாவைக்குப் போகமாட்டன் எண்டால், அறுபத்தாறையும் வாசிச்சு என்ன பிரயோசனம்?”

பட்டியலைப் போட்டது கடவுளா மனிதரா என்று இப்போது யாராவது கேட்டால், இருவரும் சேர்ந்துதான் போட்டிருப்பார்கள், அதனால்தான் இவ்வளவு காலம் இழுத்தது என்கிறேன்.